சீர்மிகு நகரின் பெயரால் ஒரு மனை: முன்பணம் கொடுக்கும் முன் சில வார்த்தைகள்



சில ஆண்டுகளுக்கு முன்னர், நெல்லைக்கு வெளியே நடைபெற்ற ஒரு மனைப்பிரிவுத் தொடக்க விழாவுக்கு நாம் அழைக்கப்பட்டோம். பந்தல் போட்டிருந்தார்கள், வந்தவர்களுக்கு நெய்ச்சோறு ஆக்கியிருந்தார்கள். நம்மிடம் அவர்கள் கேட்டது ஒரு துஆ மட்டுமே. நல்ல காரியத்தின் தொடக்கத்தில் துஆ ஓதுவது நம் வழக்கம் என்பதால் ஓதிவிட்டு வந்தோம். நிலத்தின் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, பள்ளிவாசல் வாயிலில் வண்ணத் துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "சீர்மிகு நகருக்கு மிக அருகில், வட்டியில்லா ஹலால் முதலீடு" என்ற வாசகத்தின் கீழே, இரு கைகளையும் ஏந்தி நின்ற நம் படம் இருந்தது.

அந்தத் துண்டறிக்கையை நம்பி முன்பணம் கொடுத்தவர்களுள் நம் மதரஸாவில் ஓதும் ஒரு மாணவியின் தந்தையும் ஒருவர். பதினெட்டு ஆண்டுகள் சவூதியில் வாகனம் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். மூத்த மகளின் குமர் காரியத்துக்கென்று சேர்த்த பணத்தில் ஒரு பகுதியையும், மனைவியின் நகையை விற்ற தொகையையும் ஒன்றாக்கிக் கொடுத்திருந்தார். ஓராண்டு கழிந்தும் பத்திரப்பதிவு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தபோது நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், நீங்க துஆ ஓதின இடமாச்சேன்னுதான் கொடுத்தேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நமக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அவருடன் சென்று அந்த இடத்தை மறுபடியும் பார்த்தோம். நகரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால், கல் நட்டுக் கிடந்த வயல். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "மழக் காலத்துல இங்கன முழங்கால் தண்ணி கெடக்கும் பாய்" என்றார். துண்டறிக்கையில் அங்கீகார எண் என அச்சிடப்பட்டிருந்தது விண்ணப்பத்தின் எண் என்பதும் பிறகுதான் தெரியவந்தது. கொடுத்த முன்பணத்தில் பாதியே அவருக்கு இதுவரை திரும்பக் கிடைத்துள்ளது.

நாம் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம், அவரும் மன்னித்தார். ஆயினும் மன்னிப்போடு முடிந்துவிடும் விஷயமாக இது நமக்குத் தோன்றவில்லை. வளரும் நகரத்தில் பணத்தை இடுவது ஹலாலா என்று கேட்டு இன்றும் பலர் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறோம்.

சீர்மிகு நகரம் எது, எது அன்று?

முதலில், எந்தப் பெயரைச் சொல்லி விற்கிறார்களோ அதன் பொருளை அறிந்துகொள்வோம். ஸ்மார்ட் சிட்டி என்று மக்கள் கூறும் சீர்மிகு நகரத் திட்டத்தை ஒன்றிய அரசு 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. நாடெங்கும் 100 நகரங்கள் படிப்படியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. தமிழகத்தில் சென்னை, கோவை, மதுரை, சேலம், தஞ்சாவூர், வேலூர், திருச்சி, திருநெல்வேலி, தூத்துக்குடி, திருப்பூர், ஈரோடு ஆகிய 11 நகரங்கள் அதில் இடம்பெற்றன. சென்னையும் கோவையும் 2016 ஜனவரியில் வெளியான முதல் பட்டியலிலேயே இருந்தன. நமது நெல்லை 2017 ஜூனில் சேர்க்கப்பட்டது.

ஒவ்வொரு நகருக்கும் ஒன்றிய அரசு ஆண்டுக்குச் சராசரியாக 100 கோடி ரூபாய் வீதம் ஐந்தாண்டுகளுக்கு வழங்கும். மாநில அரசும் உள்ளாட்சியும் சேர்ந்து அதற்கு இணையான தொகையை இடும் என்பது ஏற்பாடு. பணியை நடத்த ஒவ்வொரு நகரிலும் தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. அதில் மாநில அரசுக்கும் மாநகராட்சிக்கும் சம பங்கு. காலம் பலமுறை நீட்டிக்கப்பட்டு, 2025 மார்ச் 31 உடன் திட்டம் நிறைவுற்றது.

நம் கவனத்துக்கு உரிய செய்தி ஒன்று இத்திட்டத்தின் வழிகாட்டு நெறிகளில் உள்ளது. பணத்தின் பெரும்பகுதி முழு நகரத்துக்கும் உரியதன்று. தேர்ந்தெடுத்த ஒரு பகுதிக்கே உரியது. ஏற்கெனவே உள்ள பகுதியைச் சீரமைப்பதாயின் 500 ஏக்கருக்கு மேல், பழையதை அகற்றிப் புதிதாகக் கட்டுவதாயின் 50 ஏக்கருக்கு மேல், வெற்று நிலத்தில் புதிய குடியிருப்பை அமைப்பதாயின் 250 ஏக்கருக்கு மேல் என்று அளவு வகுத்திருந்தார்கள். பேருந்து நிலையம், சந்தை, சாலை, விளக்கு, கட்டுப்பாட்டு மையம் என்று பெரும்பாலான பணிகள் நகரின் உள்ளேயே நடந்தன. மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ள வயலுக்கு அத்திட்டத்தால் ஒரு குழாயும் வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை. அந்த வயலுக்கு வந்தது பெயர் மட்டுமே. பெயருக்கு நாம் கொடுக்கும் விலையோ சதுர அடிக்குச் சில நூறு ரூபாய்.

நகரம் வளரும் என்பது உண்மை. வளரும் நகரில் நிலத்தின் மதிப்பு உயரும் என்பதும் பெரும்பாலும் உண்மை. எந்த நிலம், எந்த ஆவணத்தோடு, எத்தனை ஆண்டுகளில் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விகளைக் கேட்கவிடாமல் தடுப்பதற்கே "சீர்மிகு நகரம்" என்ற சொல்லும் "ஹலால்" என்ற சொல்லும் பல இடங்களில் பயன்படுத்தப்படுகின்றன.

ஹலால் என்பது துண்டறிக்கையில் அச்சிடும் சொல்லன்று

நகர வளர்ச்சியில் பணத்தை இடுவதற்குப் பல வழிகள் உள்ளன. சில மாநகராட்சிகள் கடன் பத்திரங்களை வெளியிடுகின்றன. பூனா மாநகராட்சி 2017இல் 200 கோடி ரூபாய்க்கு இவ்வாறு பத்திரம் வெளியிட்டது. நோக்கம் நல்லதாயினும், குறிப்பிட்ட விழுக்காட்டு வட்டியின் பேரில் கொடுக்கும் கடன் என்பதால் அது ரிபாவாகிறது, நமக்கு உரியதன்று. நிறுவனப் பங்குகளை வாங்குவோர், அந்த நிறுவனத்தின் தொழில் என்ன, வட்டிக் கடன் எவ்வளவு என்று பார்த்தே வாங்க வேண்டும். நம் குடும்பங்கள் பெரும்பாலும் நாடுவது நிலத்தைத்தான். நிலத்தை வாங்குவதும் விற்பதும் ஹலால் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நடைமுறையில் அதனோடு வந்து ஒட்டிக்கொள்ளும் குற்றங்கள் நான்கு.

முதலாவது, இல்லாததை விற்பது. தம்மிடம் இல்லாத பொருளை விற்பது குறித்து ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) வினவியபோது, அவ்வாறு விற்க வேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள் (அபூதாவூத், திர்மிதி). மனை விற்பவர் பலர் நிலத்துக்கு உரிமையாளர் அல்லர். விவசாயியிடம் ஓர் ஒப்பந்தத்தைப் போட்டுச் சிறு தொகையைக் கொடுத்துவிட்டு, நம்மிடம் வாங்கும் தவணைப் பணத்தைக் கொண்டே மீதியைச் செலுத்த எண்ணுகிறார்கள். இடையில் தவணை நின்றால் நிலம் விவசாயிக்கே திரும்பும். நம் பணம் எங்கே செல்லும் என்று யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, தெளிவின்மை. ஃபிக்ஹில் இதைக் கரர் என்போம். எந்த மனை, எந்த எல்லை, எப்போது ஒப்படைப்பு என்று வரையறுக்காத விற்பனை இதில் சேரும். வெளிநாட்டில் இருக்கும் சபுராளிகளுக்கு இதில் ஒரு தனிச் செய்தி உண்டு. கண்ணால் பாராத பொருளை வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. ஹனஃபி மத்ஹபில் ஒப்பந்தம் செல்லும். ஆயினும் பார்த்தபின் விலகிக்கொள்ளும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. நம் பகுதியில் இரு மத்ஹபினரும் வாழ்கிறோம். எந்த மத்ஹபைச் சார்ந்தவராயினும், கைப்பேசியில் வந்த காணொளியைப் பார்த்துப் பணம் அனுப்புவதை விட்டுவிட்டு, நம்பிக்கைக்குரிய ஒருவரை வக்கீலாக, அதாவது பிரதிநிதியாக நியமித்து, அவர் நேரில் சென்று பார்த்த பின் ஒப்பந்தம் செய்வதே பாதுகாப்பானது.

மூன்றாவது, விற்பனை வேடத்தில் வரும் கடன். "இன்று ஐந்து லட்சம் கொடுங்கள், மூன்றாண்டுகளில் நாங்களே எட்டு லட்சத்துக்குத் திரும்ப வாங்கிக்கொள்வோம், உறுதி" என்கிறார்கள். நிலம் கைமாறுவதில்லை, இலாபமோ முன்கூட்டியே நிர்ணயிக்கப்படுகிறது, நட்டத்தில் நமக்குப் பங்கில்லை. பெயர் மனை, உள்ளே இருப்பது கடனும் அதன்மேல் கூடுதலும். திருக்குர்ஆன் வணிகத்தை அனுமதித்து ரிபாவைத் தடுத்திருப்பதை (2:275) நாம் அறிவோம். வணிகத்தில் பொருளும் இருக்கும், இழப்புக்கான அச்சமும் இருக்கும். இழப்பே இல்லை என்று ஒருவர் உறுதி கூறினால், அது வணிகந்தானா என்று ஐயப்படுவது ஈமானுக்கும் அறிவுக்கும் ஏற்றது.

நான்காவது, பொய்யாக விலையை ஏற்றுவது. வாங்கும் எண்ணமின்றி விலையைக் கூட்டிக் கேட்டு மற்றவரை ஏமாற்றும் நஜ்ஷ் என்னும் செயலை நபிகளார் (ஸல்) தடுத்துள்ளார்கள். "நேற்றுதான் பக்கத்து மனை இந்த விலைக்குப் போனது, நாளை கூடிவிடும்" என்று அவசரப்படுத்தும் சொல் பொய்யாக இருக்குமானால், அதுவும் இவ்வகையைச் சார்ந்ததே. தரகுக்கூலி ஹலால், தரகுக்காகச் சொல்லும் பொய் ஹலாலாகாது. நம் உறவினரே தரகராக வரும்போது நாம் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறோம். மச்சானிடம் பத்திரத்தைக் கேட்டால் உறவு கெட்டுவிடும் என்று அஞ்சுகிறோம். பத்திரத்தைக் கேட்காமல் கொடுத்த பணத்தால் கெட்ட உறவுகளே அதிகம்.

எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்ற கட்டளை

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனையும் கொடுக்கல் வாங்கலையும் பற்றியது (2:282). தவணைக்குரிய எதையும் எழுதுங்கள், சாட்சிகளை வையுங்கள், சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சோர்வடையாதீர்கள் என்ற பொருளை அது போதிக்கிறது. தொழுகையின் விவரங்களைக்கூட நபிவழியிலிருந்து கற்கும்படி விட்ட இறைவன், பத்திரம் எழுதும் முறையை வசனமாகவே இறக்கினான் என்பதைச் சிந்திக்க வேண்டும். ஆகவே ஆவணத்தைச் சரிபார்ப்பது உலகாசைக்காரரின் வேலை என்றும், தவக்குல் வைத்தவருக்கு அது தேவையில்லை என்றும் எண்ணுவது பிழை.

பார்க்க வேண்டியவை இவை. மூலப்பத்திரம் முதல் இன்றுவரை உரிமை எவ்வாறு மாறிவந்தது என்ற தொடர். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று. விற்பவரின் பெயரிலேயே உள்ள பட்டா. நிலம் நீர்நிலையா, புறம்போக்கா, வக்ஃபா என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு. நகர் ஊரமைப்புத் துறையின் மனைப்பிரிவு அங்கீகாரம், சென்னையாயின் சி.எம்.டி.ஏ. அங்கீகாரம். அங்கீகாரம் வேறு, அங்கீகாரத்துக்கான விண்ணப்பம் வேறு. இதை அறியாமல் ஏமாந்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதை முன்னரே சொன்னோம்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் நமக்குச் சில பாதுகாப்புகளைத் தந்துள்ளது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெரா எனப்படும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ முன்பதிவு வாங்கவோ கூடாது. பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இன்றி விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறக்கூடாது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் எழுபது விழுக்காட்டை அந்தத் திட்டத்துக்கெனத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். பத்து நிமிட வேலை. "பவர் பத்திரம் போதும்" என்று சொல்வோரையும் நம்ப வேண்டாம். பவர் பத்திரத்தால் மட்டும் நிலத்தின் உரிமை மாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தெளிவுபடுத்திவிட்டது.

வாங்க முடியாமல் பின்வாங்கினால் முன்பணம் முழுவதும் போய்விடும் என்ற நிபந்தனையையும் கவனியுங்கள். ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ மத்ஹபுகள் இத்தகைய முன்பண விற்பனையை ஏற்பதில்லை. ஹன்பலி மத்ஹப் அனுமதிக்கிறது. கையெழுத்திடும் முன் உங்கள் ஊர் ஆலிமிடம் ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டுங்கள். தவணை தாமதமானால் அபராதம் கூடிக்கொண்டே போகும் என்ற வரி உள்ளதா என்றும் பாருங்கள். தவணை விலை ரொக்க விலையைவிடக் கூடுதலாக இருப்பது, விலையை ஒரே தொகையாக முதலிலேயே முடிவு செய்தால் கூடும். தாமதத்துக்காகப் பின்னர் கூட்டுவது ரிபா.

இன்னொன்றையும் குடும்பத் தலைவர்களுக்குச் சொல்ல வேண்டும். மனைவியின் மஹரும் அவருக்கு அவர் தாய்வீட்டார் அளித்த நகையும் அவருடைய சொத்து. கணவர் அதைத் தம் விருப்பப்படி விற்று மனை வாங்க மார்க்கம் இடம் தரவில்லை. அவர் மனமொப்பிக் கொடுத்தால் அது கடனா, அன்பளிப்பா, மனையில் பங்கா என்று அன்றே எழுதி வைப்பது நன்று.

தண்ணீர் துண்டறிக்கையை வாசிப்பதில்லை

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நம் பகுதியினர் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரை புரண்டது. சீர்மிகு நகரப் பட்டியலில் உள்ள நெல்லையிலும் தூத்துக்குடியிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. பள்ளிவாசல்களிலும் மதரஸாக்களிலும் மக்கள் தங்கினார்கள். சாதி மதம் பாராமல் சோறு ஆக்கிக் கொடுத்த நம் இளைஞர்களை அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. சென்னையிலும் இதே பாடந்தான். சீர்மிகு நகரத் திட்டத்தில் தியாகராய நகரின் பாண்டி பஜாரில் அழகிய நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் தெருக்களில் வெள்ளம் நின்றது.

அத்தகைய மழையை எந்த நகராலும் முழுமையாகத் தாங்கிவிட முடியாது என்பது உண்மையே. ஆயினும் ஓடைக்கும் குளத்துக்கும் உரிய இடத்தில் கல் நட்டு மனை விற்றது மழையின் குற்றமன்று. மனையைப் பார்க்கச் செல்வோர் கோடையில் செல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை சென்று பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்து விவசாயியிடம் கேட்க வேண்டும். அந்த ஆடு மேய்க்கும் பெரியவருக்குத் தெரிந்தது, விழாப் பந்தலில் அமர்ந்திருந்த நம் ஒருவருக்கும் தெரியவில்லை.

இதில் மறுமைக் கணக்கும் உண்டு. ஏமாந்து வாங்கிய பின், குறையை மறைத்து அதை இன்னொருவர் தலையில் கட்டிவிட முயல்வோரைப் பார்க்கிறோம். பொருளில் உள்ள குறையை மறைத்து விற்பது ஹராம். தானியக் குவியலின் உள்ளே ஈரம் இருப்பதைக் கைவிட்டுக் கண்டறிந்த நபிகளார் (ஸல்), அதை மறைத்த வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நம் பிள்ளைகள் மக்தபிலேயே படிக்கிறார்கள். நீர் நிற்கும் மனையும் ஈரத்தை உள்ளே மறைத்த குவியல்தான்.

நம் முன்னோர் நகரத்தில் எதை இட்டார்கள்?

நகர வளர்ச்சி என்பது இஸ்லாத்துக்குப் புதிய செய்தியன்று. மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) பள்ளிவாசலை அமைத்ததோடு முஸ்லிம்களுக்கென ஒரு சந்தையையும் ஏற்படுத்தினார்கள். அங்கே வணிகரிடம் வரி வாங்கலாகாது என்றும் கூறியதாக இப்னு மாஜாவில் அறிவிப்பு உள்ளது. பாதை குறித்துப் பிணக்கு ஏற்பட்டால் ஏழு முழ அகலம் விட வேண்டும் என்று தீர்ப்பளித்தார்கள். கலீஃபா உமர் (ரலி) காலத்தில், ஹிஜ்ரி 17ஆம் ஆண்டளவில் கூஃபா நகரம் எழுப்பப்பட்டபோது, பெருந்தெருக்கள் 40 முழம், அடுத்தவை 30, அதற்கடுத்தவை 20, சந்துகள் 7 முழம் என்று அளவு வகுத்ததை வரலாற்றாசிரியர் தபரீ பதிவு செய்துள்ளார். தெருவும் தண்ணீரும் சந்தையும் முதலில். வீடு அதன் பின்.

மதீனாவில் ரூமா என்னும் கிணறு இருந்தது. அதன் நீரை விலை கொடுத்தே பெற வேண்டியிருந்தது. உஸ்மான் (ரலி) அதைத் தம் பொருளால் வாங்கி மக்கள் அனைவருக்கும் வக்ஃப் செய்தார்கள். வளரும் நகரம் ஒன்றில் ஒரு செல்வந்தர் செய்த முதலீடு அது. அவர்கள் நினைத்திருந்தால் அதே நீரை விற்றுப் பெரும் பொருள் ஈட்டியிருக்கலாம்.

உமர் (ரலி) அவர்களின் இன்னொரு தீர்ப்பையும் இங்கே நினைவுகூர்கிறோம். உரிமையாளர் இல்லாத தரிசு நிலத்தை வளைத்துக் கல்லடுக்கி வைத்துவிட்டு, மூன்றாண்டுகளாகியும் அதில் எதுவும் செய்யாதவருக்கு உரிமை இல்லை என்றார்கள். விலை கொடுத்து வாங்கிய நம் மனைக்கு இச்சட்டம் நேரடியாகப் பொருந்தாது. ஆயினும் அதன் உட்கருத்து நம்மைக் கேட்கிறது: பத்து ஆண்டுகளாகப் புல் முளைத்துக் கிடக்கும் நம் மனை யாருக்கு என்ன பயன் தந்தது? விற்று இலாபம் பெறும் எண்ணத்தில் வாங்கிய மனை வணிகப் பொருள் என்பதால், ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளின்படி ஆண்டுதோறும் அதன் அன்றைய சந்தை மதிப்பில் இரண்டரை விழுக்காடு ஜகாத் கடமையாகும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். விலை ஏறியதைச் சொல்லி மகிழும் நாவு, ஜகாத் கணக்கின்போது பழைய பத்திர விலையைச் சொல்லலாகாது.

நகரின் உள்ளேயே நமக்கு நிலம் இருக்கிறது

இருபது கிலோமீட்டருக்கு அப்பால் மனை தேடி ஓடும் நாம், நகரின் நடுவிலேயே நம் முன்னோர் விட்டுச்சென்ற நிலத்தை மறந்துவிட்டோம். வக்ஃப் சொத்துகளையே சொல்கிறோம். பல ஊர்களில் பேருந்து நிலையத்துக்கும் கடைவீதிக்கும் அருகிலேயே வக்ஃப் கடைகளும் மனைகளும் உள்ளன. நகரம் வளர்ந்ததன் முழுப் பயனும் அவற்றுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. என்றோ பேசிய சொற்ப வாடகைக்கே பல கடைகள் இன்றும் விடப்பட்டுள்ளன. சில மேல்வாடகைக்கும் போயுள்ளன. வக்ஃப் சொத்தைச் சந்தை வாடகையைவிட மிகக் குறைவாக விடக்கூடாது என்பது ஃபிக்ஹின் தெளிவான சட்டம். அதில் குடியிருப்பவர் முத்தவல்லியின் உறவினராயினும், நம் உறவினராயினும் சட்டம் ஒன்றே.

நியாயமான வாடகை வந்தால் என்ன செய்யலாம் என்று எண்ணிப் பாருங்கள். கல்லூரிக்கு வரும் வெளியூர் மாணவியருக்கு ஒரு விடுதி. ஏழை எளியோருக்கு ஒரு சிறு மருத்துவமனை. மழை வெள்ளத்தில் தங்க உயரமான ஒரு கூடம். இவற்றுக்குப் பணம் போதாதெனில், சில குடும்பங்கள் முஷாரகா முறையில் பங்கு சேர்ந்து, அங்கீகாரம் பெற்ற இடத்தில் வாடகை வீடுகளைக் கட்டலாம். வாடகை ஹலாலான வருமானம். இலாபம் பேசிய விகிதத்தில், நட்டம் அவரவர் போட்ட பணத்தின் அளவில். இது விரைவில் இரட்டிப்பாகும் பணமன்று. ஆனால் கண்ணெதிரே நிற்கும் கட்டடம். அதில் ஒரு குடும்பம் குடியிருக்கும்.

இவ்வளவு பணம் நம்மிடம் இல்லையே, ஒரு மனை வாங்குவதே நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யக்கூடிய ஒரே காரியம் என்று சொல்வோர் உண்டு. அவர்களின் கவலை நியாயமானது. பாலைவன வெயிலில் சேர்த்த பணத்தைப் பொதுநலத்துக்கே கொடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. நல்ல மனையை, நல்ல ஆவணத்தோடு, சொந்தப் பணத்தில் வாங்குங்கள்; முடிந்தால் அதில் வீடு கட்டிக் குடியேறுங்கள். குமர் காரியத்துக்கும் மருத்துவத்துக்கும் வைத்த பணத்தை மட்டும் அதில் இடாதீர்கள். நிலம் வேண்டும்போது விலைபோகாது. நோயும் திருமணமும் காத்திருப்பதில்லை.

ஜமாஅத்துகளுக்கும் ஆலிம்களுக்கும்

இறுதியாக மூன்று வேண்டுகோள்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே, பள்ளிவாசல் வாயிலில் எவரும் மனை விளம்பரத்தை விநியோகிக்கவோ, அறிவிப்புப் பலகையில் ஒட்டவோ அனுமதிக்காதீர்கள். பள்ளிவாசலில் வணிகம் செய்வது வெறுக்கத்தக்கது என்பதை நாம் அனைவரும் அறிவோம். வாயிலில் கொடுத்தாலும் மக்கள் அதைப் பள்ளிவாசலின் சான்றாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஊர்தோறும் மூவர் கொண்ட ஒரு சிறு குழுவை அமையுங்கள். பத்திர எழுத்தரோ ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியரோ ஒருவர், கட்டுமானம் தெரிந்தவர் ஒருவர், ஓர் ஆலிம். மனை வாங்க எண்ணுவோர் முன்பணம் கொடுக்கும் முன் இவர்களிடம் ஆவணங்களைக் காட்டட்டும். கட்டணம் வேண்டாம், தரகு அறவே வேண்டாம்.

சக ஆலிம்களே, நம் தலைப்பாகையைப் பார்த்து ஒரு தாய் தன் வளையலைக் கழற்றிக் கொடுக்கிறாள். ஆவணங்களைப் பாராமல் எந்த மனைத் தொடக்க விழாவிலும் துஆ ஓதுவதில்லை என்று நாம் முடிவு செய்துள்ளோம். நீங்களும் இதைச் சிந்தியுங்கள். அந்தச் சகோதரரின் மீதிப் பணம் கிடைக்கும்வரை, விற்றவரிடம் அவருடன் நாமும் சென்று கேட்பது என்றும் முடிவு செய்துள்ளோம். இருமுறை சென்றோம், அடுத்த மாதமும் செல்வோம், இன்ஷா அல்லாஹ்.

ஹலாலானதைத் தேடும் அறிவையும், தேடியதில் பரக்கத்தையும், பிறர் பொருளில் பேணுதலையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.